ஏசி ரூமில் சாந்தா மேம்

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். என் காதுக்குத்தான் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் டிரெய்னி. வேலை நிரந்தரமாவது மேனேஜர் கையில் இருந்தது. அன்று ஜப்பானிலிருந்து விருந்தினர்கள் வருவதாக ஏற்பாடு. பிரஸ் மெஷின்கள் தடதடக்கும் இடத்தில் நான் நின்றபோது மேனேஜர் போனில் கூப்பிட்டார். அவர் வாயில் தமிழ் தப்பித் தவறித்தான் வரும்.

"க்ரிஸாந்தமம் கமிங் பை பஸ். ரிசீவ் அட் புதுவாயல். ஸ்ட்ரெய்ட் டு ஏசி ரூம். கிவ் வாட்டர். நோ சன்."

அந்த முதல் வார்த்தையில் நாலு அசை. அவர் 'க்ரி'யை விழுங்கிவிட்டு, 'ஸாந்'தில் மொத்த பலத்தையும் இறக்கினார். என் காதில் விழுந்தது, சாந்தா மேம். (வெயில் ஆகாத உடம்பு போலிருக்கிறது, பாவம்.)

கம்பெனி காரில் போய், புதுவாயல் கூட்டுரோட்டில் 'வெல்கம் சாந்தா மேம்' என்று அட்டை பிடித்து நின்றேன். பஸ் வந்தது.

"கம்பெனி பூ பார்சல் ஒண்ணு கீது, எடுத்துக்கினு போங்க" என்றார் கண்டக்டர்.

"பூவெல்லாம் வாணாம்பா. மேடத்துக்கு வெயிட் பண்ணிக்கினு கீறேன்" என்றேன் கம்பீரமாக. பூ ஆந்திராவுக்குப் போய்விட்டது.

அதே பஸ்ஸில் இறங்கிய பெண் அட்டையை உற்றுப் பார்த்தாள். "நான்தான் சாந்தா. இன்டர்வியூக்கு வந்தேன். அதுக்குக்கூட கார் அனுப்புறீங்களா?"

குடை பிடித்துக் கூட்டிப்போய் ஏசி ரூமில் உட்கார வைத்தேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "வேர் இஸ் க்ரிஸாந்தமம்?"

"ஏசி ரூம்ல கீறாங்க சார். தண்ணி குடுத்தாச்சு."

கதவைத் திறந்து பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விருந்தினர்கள் வரும் நேரம், வரவேற்கப் பூ இல்லை. என் வேலை போயிற்று.

சாந்தாதான் வாயைத் திறந்தாள். "க்ரிஸாந்தமம்னா நம்ம சாமந்திதானே சார்? நான் பாட்டனி படிச்சேன். கிரேக்கத்துல 'க்ரிசோஸ்'னா தங்கம், 'அந்தெமோன்'னா பூ. புதுவாயல்ல கூடை கூடையா விக்கிறாங்களே."

மலைத்து நின்றுவிட்டேன். என் அம்மா பெரியபாளையத்து அம்மனுக்குச் சாத்தும் பூ. நான் அட்டை பிடித்து நின்றபோது முதுகுக்குப் பின்னாலேயே மஞ்சளாகக் குவிந்து கிடந்த பூ. அது எங்கோ கடல் தாண்டித் தங்கத்தைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறது என்றதும் உடம்பு சிலிர்த்தது.

காரைத் திருப்பிக்கொண்டு புதுவாயலுக்கு ஓடினேன். விருந்தினர்கள் சாமந்தி மாலையைக் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். என் வேலை தப்பியது. பக்கத்துக் கம்பெனி இன்டர்வியூவை என்னால் தவறவிட்ட சாந்தாவை மேனேஜர் எங்கள் ஆபீஸிலேயே சேர்த்துக்கொண்டார். பிற்பாடு நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றும் கோடை வந்தால் சோபாவில் சாய்ந்தபடி மகளிடம் சொல்வாள்: "உங்கப்பாவ ஏசி போட்டு, தண்ணி எடுத்துக்கினு வரச் சொல்லுடி. க்ரிஸாந்தமம் வாடுது."