அண்ணன் குடித்த விபூதியைப் பற்றி மாமாவுக்கு

அடி அண்ணாமலை,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய வேணு மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் கவியா பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், இரண்டு மாடுகள் எல்லோரும் நலம். கீழ்பென்னாத்தூரில் உங்கள் நலத்தையும் ரேணுகா அத்தையின் நலத்தையும் உங்கள் ஜிம்மின் நலத்தையும் அறிய ஆவல். ஒன்பதாவதோடு நின்றவள் என்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அங்கே தண்டால் எடுக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். நேரில் சொல்லலாம் என்றால், உங்களைப் பார்த்ததும் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கத்தான் தெரியும், பேச வராது. ஆகவே தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அண்ணனுக்காக எடுத்துவருவதாகச் சொன்ன சத்துப் பவுடரை எடுத்துவர வேண்டாம். அதே மாதிரி கவரில் விபூதி போட்டு எடுத்து வரவும்.

கோபப்படாமல் மேலே படிக்கவும்.

போன மாதம் டப்பாவிலிருந்து பிரித்து, வெள்ளைக் கவரில் கட்டி நீங்கள் கொடுத்தனுப்பிய பவுடர், பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் அம்மா போடும் கடைக்காகக் கூடம் முழுக்கக் கற்பூரமும் விபூதியும் கிடக்கும், நான் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பேன். விபூதியும் வெள்ளைக் கவரில்தான் வந்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே "அந்தக் கவரை அண்ணன் டப்பாவுல கொட்டுடி, இதைப் பொட்டலம் கட்டு"ன்னு சொன்னாங்க. எந்தக் கவரும்மான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேக்கல. அண்ணன் டப்பாவுக்கு விபூதி போயிடுச்சு, உங்க பவுடர் பொட்டலத்துக்குப் போயிடுச்சு.

பௌர்ணமி அன்னிக்கு ஒருத்தர் பாதி மலை சுத்திட்டுத் திரும்பி வந்து, "இன்னாம்மா விபூதி இது, நெத்தியில நிக்கவே மாட்டேங்குது, வேர்வையோட கண்ணுல வழியுது"ன்னு கேட்டார். அம்மா, "நீங்க ஜாஸ்தி வேர்க்கறீங்க"ன்னு சொல்லி இன்னொரு பொட்டலம் குடுத்தாங்க. அதுவும் உங்க பவுடர்தான். வீட்டுக்கு வந்து அண்ணன் டப்பாவை மோந்து பார்த்தேன். கோயில் வாசனை. சொல்லிடலாம்னு வாசல்ல போய் நின்னேன். அண்ணன் அதுல ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிச்சுட்டு, "வெளிநாட்டு சாமான் இல்லையா, கொஞ்சம் மண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா குடிச்ச ஒடனே காலு சும்மா திம்முனு நிக்குது பாரு"ன்னான். நான் திரும்பி வந்துட்டேன்.

அவனுக்குப் போலீஸ் தேர்வு எவ்வளவு முக்கியம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துல பாஸ் ஆகி, போன வருஷம் ஓட்டத்துல தோத்துப் போனவன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடணும், அவனுக்கு ஏழே முக்கால் ஆச்சு. மூணு மாசம் யார் முகத்தையும் பார்க்கல. இப்ப அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க, இதுக்கு மேல வயசு இல்ல. விபூதி குடிக்க ஆரம்பிச்ச ஒரு வாரத்துல ஏழு நிமிஷம் இருபது செகண்டுக்கு வந்தான். இப்ப ஆறு ஐம்பது. நேரம் நான்தான் பார்க்கறேன், அதனால பொய் இல்ல. அவனோட ஒரு போன்தான், கோயில்கிட்ட அவன் கிளம்பும்போது அமுக்கணும், குளத்தங்கரையில வந்து சேரும்போதும் அமுக்கணும். ரெண்டு இடத்துலயும் நான் இருந்தாத்தானே முடியும். அதனால அவன்கூடவே கிளம்பி, முன்னாடி ஓடிப் போய் நின்னுக்குவேன்.

இப்ப டப்பா காலியாகப் போகுது, நீங்க நிஜப் பவுடரைக் கொண்டுவரப் போறீங்க. அதான் பயம். நான் வேலை செய்யற செங்கம் ரோடு விடுதியில பத்மஜா அக்கான்னு ஒருத்தர் தங்கியிருக்காங்க, பிசியோதெரபி படிச்சவங்க, மாரத்தான் ஓடறவங்க. ரூம் பெருக்கும்போது, ஜிம்முல குடிக்கற வாசனையில்லாத வெள்ளைப் பவுடர்னு சொல்லி, தைரியம் பண்ணிக் கேட்டேன். அந்தப் பவுடர் பேர் கிரியேட்டினாம். தசையில சட்டுனு தீர்ந்துபோற சக்தியைத் திரும்ப நிரப்புமாம். வெயிட் தூக்கறவங்களுக்கும் நூறு மீட்டர் ஓடறவங்களுக்கும் ஒதவும், ஏழு நிமிஷ ஓட்டத்துக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, ஆரம்பத்துல தண்ணி சேர்ந்து ஒடம்பு ஒரு கிலோ ஏறக்கூட செய்யலாம்னாங்க. "தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது புதுசா எதையும் வயித்துக்குள்ள போடக்கூடாது"ன்னாங்க. நான்தான் முன்னாடி போய் நேரம் பார்க்கறேன்னதும், "அண்ணன் வந்து சேர்ற வரைக்கும் நீ எவ்ளோ நேரம் நிப்பே"ன்னும் கேட்டாங்க. முடி அவுந்திருந்தா திரும்பப் பின்னிக்கற அளவுக்குன்னு சொன்னேன். குனிஞ்சு என் காலையே பார்த்தாங்க. ஏன்னு தெரியல.

உண்மை தெரிஞ்சா அண்ணனுக்குக் கால் விழுந்துடும் மாமா. நம்பிக்கையா ஓடறான். அதனால உங்க ஜிம்முல முருகர் படத்துக்கு முன்னாடி இருக்கற விபூதியையே எடுத்துக் கவர்ல போட்டாலும் போதும். வாசனை கம்மியா இருக்கறதாப் பார்த்துப் போடுங்க.

ரேணுகா அத்தைக்கு என் வணக்கம். அண்ணாமலையார் உங்க தோள்பட்டையை எப்பவும் இப்படியே வெச்சிருக்கட்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்,
கவியா

பின்குறிப்பு: புதன்கிழமை. தபாலில் போடச் சொல்லி இதை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அண்ணனிடம் கொடுத்துட்டாங்க. நான் கவரை ஒட்டலை. வண்டி மேலேயே உட்கார்ந்து முழுசும் படிச்சுட்டான். அப்புறம், "அப்ப இத்தனை நாளும் நானேதான் ஓடினேனா"ன்னான். ஆமாம்னேன். அடுத்து, "முடி பின்ற அளவுக்கா"ன்னான். இன்னிக்குக் காலையில என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி, கோயில்கிட்ட அமுக்கிட்டு, வண்டியில குளத்தங்கரைக்குப் போய் அவன் நின்னுக்கிட்டான். நான் மட்டும் ஓடினேன். எவ்வளவுன்னு எனக்குச் சொல்லல, போனை நேரா அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினான். அதனால பவுடரும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். நானும் போலீஸ் தேர்வு எழுதணும்னா பத்தாவது வேணுமாம், அதைத் தனியா எழுத என்ன செய்யணும்னு நீங்க விசாரிச்சுட்டு வரணுமாம், அண்ணன் சொல்றான். அண்ணன் இன்னொண்ணும் எழுதச் சொன்னான், எனக்குத்தான் கூச்சமா இருக்கு. நான் செருப்போட ஓடறேன் மாமா. ஷூ அளவு அஞ்சு.