கம்ப்யூட்டருக்கு நான் செய்த வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நானே சரிசெய்வது!

என் முடிவுகள் என்றாலே என் மனைவிக்கு இளக்காரம். போன தடவை, தினமும் காலையில் ஓடுவது என்று முடிவெடுத்து, நல்ல விலையில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். ஷூ வாங்கியதே பாதி ஓடியதற்குச் சமம் என்பது என் கட்சி. அவள் எதிர்க்கட்சி.

கம்ப்யூட்டருக்கு என்ன வியாதி? சோம்பேறித்தனம். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, தலைவாரி வந்து பார்த்தால் அப்போதுதான் கண் விழிக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் பறக்கும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். ஒரு வாரமாக அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தேன்.

"ஏங்க, எதுக்கு வம்பு? என் தம்பியைக் கூப்பிடறேன். அவனுக்கு இதுதானே தொழில்?"

"வருவான். 'என்ன மாமா, இதுகூடத் தெரியாதா?'ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பான். அதை என்னால தாங்க முடியாது."

"அப்ப நீங்களே பண்ணப் போறீங்க?"

"நான் யாரு? டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்! பிரேக் எதுன்னு தெரியாதவங்களை எல்லாம் ரோட்ல ஓட விட்டவன்!"

"ஆமா. என்னைத் தவிர."

இது எங்கள் வீட்டுப் பழைய வழக்கு. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் ஆரம்பிக்கத்தான் செய்தேன். நான் போட்ட சத்தத்தில் அவள் பாதி வழியில் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நேரம் இருக்காது.

"சரி, பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கே அதிசயமாக இருந்தது.

முதல் தேவை ஒரு பென் டிரைவ். மேஜை இழுப்பறையைத் திறந்தேன். மேலாகவே ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டி, அவள் கையெழுத்தில் 'தொடாதீங்க'.

தொடாதே என்றால் எனக்குக் கை அரிக்கும். எடுத்துச் செருகினேன். 'இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம். புது சிஸ்டம் அதில் ஏறி உட்கார்ந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்க ஆரம்பித்தேன். முதலில் 'எந்த மொழி?' என்று கேட்டது, சொன்னேன். 'கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' அதற்கும் சம்மதம். அழுக்கெல்லாம் போகட்டுமே!

திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நகர்ந்து நிறைந்தது. கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக எழுந்து, கேட்டது: 'எந்த மொழி?'

முதலிலேயே சொன்னேனே! சரி, மறந்திருக்கும் என்று மறுபடி சொன்னேன். எல்லாம் முதலிலிருந்து நடந்தது. கோடு நிறைந்தது. அணைந்தது. எழுந்தது. 'எந்த மொழி?'

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. இதற்கு என்ன வேண்டும்? ஒருவேளை நான் தேர்ந்தெடுத்த மொழி பிடிக்கவில்லையோ? வேறு மொழி கொடுத்தேன். வேறு நாடு கொடுத்தேன். சூடாகிவிட்டதோ என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். பெட்டியின் பின்பக்கத்தில் வாயால் ஊதினேன். தூசி கண்ணில் விழுந்ததுதான் பலன். 'எந்த மொழி?'

"ஏங்க, எப்படிப் போகுது?" சமையலறையிலிருந்து குரல்.

"பிரமாதம்! ரொம்ப ஆழமாக் கேள்வி கேக்குது!"

"என்ன கேள்வி?"

"அதெல்லாம் டெக்னிக்கல்!"

"என் ஆமைப் படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல? சாயங்காலம் பதிப்பகத்துலேர்ந்து ஆள் வர்றாங்க."

மவுஸை அப்படியே கீழே வைத்தேன். என் மனைவி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். குடை பிடித்த ஆமை ஒன்று ஊர் சுற்றும் கதை. மாதக் கணக்கில், கழுத்து வலிக்க வலிக்க வரைந்தாள். அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. மாற்றுப் பிரதி எடுத்து வைத்திருந்தால்... கண் தானாக அந்த பென் டிரைவுக்குப் போனது. 'தொடாதீங்க.'

அடப்பாவி! இரண்டையும் துடைத்துவிட்டாயே!

போனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடினேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, மச்சானைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, ஒரு சின்ன சந்தேகம்..."

"மாமா, நீங்க கூப்பிட்டா பேசக் கூடாதுன்னு அக்கா உத்தரவு. நான் இப்ப பேசலை. வெச்சுடறேன்."

வைத்துவிட்டான்.

என் திறமைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கையா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்தேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, கன்னத்தில் கை வைத்து, 'எந்த மொழி?'யைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உன் ஆமை... போயிடுச்சு."

"எங்க?"

"எங்கன்னு கேட்டா? ஒரேயடியா! பென் டிரைவ்ல இருந்ததும் போச்சு. என்னைத் திட்டு. அடிச்சாக்கூட வாங்கிக்கறேன். நீ என்ன கேட்டாலும் செய்யறேன்."

"என்ன கேட்டாலும்?"

"சத்தியமா."

"எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரணும். நாளைக்கே. சத்தம் போடாம."

இந்த நேரத்தில் கார் எதற்கு என்று புரியவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்து, "சரிம்மா, சரி" என்றேன்.

"முதல் பாடம் இப்பவே ஆரம்பிக்கலாமா? வண்டியை நிறுத்தினதும் என்ன பண்ணணும்?"

"சாவியை எடுக்கணும்."

"அப்ப எடுங்க." பென் டிரைவைக் காட்டினாள். "இது இன்னும் குத்திக்கிட்டே இருக்கு. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதெல்லாம் இது மூஞ்சியிலதான் முழிக்குது. பாவம், முதல்லேர்ந்து ஆரம்பிக்காம என்ன பண்ணும்?"

பிடுங்கினேன். மறுபடி போட்டேன். 'நல்வரவு' என்றது. எந்த மொழி என்று கேட்கவில்லை! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆமையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"வண்டி ஓடுதும்மா. ஆனா ஏறி உட்கார ஆமைதான் இல்லை."

"யாரு சொன்னா இல்லைன்னு? நீங்க அந்த வீடியோவைப் பார்க்க ஆரம்பிச்ச அன்னைக்கே எல்லாத்தையும் வேற பென் டிரைவ்ல எடுத்து வெச்சுட்டேன். நீங்க எடுத்தது காலி. 'தொடாதீங்க'ன்னு எழுதி வெச்சா அதைத்தான் தொடுவீங்கன்னு தெரியாதா எனக்கு?"

"அப்ப... நிஜமானது எங்க?"

அவள் கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தாள். திறந்தாள். என் ஓட்ட ஷூ. உள்ளே கையை விட்டு ஒரு பென் டிரைவை எடுத்தாள்.

"இந்த வீட்ல உங்க கை, கால் ரெண்டும் படாத இடம் இது ஒண்ணுதாங்க."

அந்த ஷூவை மாட்டிக்கொண்டு அப்படியே எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் எனக்குத்தான் ஓடிப் பழக்கமில்லையே!