துரை பெயரில் ஒன்றும் இல்லை

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு,

உன் பெரிய தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சின்னவனும் நலம், அதாவது பதினைந்து நாளைக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை நலமாகத்தான் இருந்தோம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் வாயும் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

இதனுடன் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. எதற்கு, ஏன் என்று கத்துவாய். அதனால்தான் போன் போடாமல் கடிதம் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. எனக்கு அப்புறம் நம் சின்னவன் துரையை யார் பார்ப்பது என்ற கவலையில் போன மாதம் உயில் எழுதினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் ஏவுகிறான் என்று நீதான் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தாய், இந்த அறுபத்தோரு வயதிலும் அந்தப் பெயருக்கு அவன் ஒரு குறை வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து கால் வராது, கை பாதிதான் சொன்ன பேச்சு கேட்கும், வாய் மட்டும் மூன்று பேருக்குப் போதும். வீடும் சேமிப்பும் முழுக்க அவனுக்கே என்று எழுதி, சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினேன். அவன், "வக்கீல்கிட்ட காட்டினியா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தான்.

காட்டினேன். வக்கீலம்மா படித்துவிட்டு, "பாசத்துல அவர் வயித்துல மண்ணள்ளிப் போட்டிருக்கீங்க" என்றார். "அவர் பேர்ல சொத்து வந்துச்சுன்னா அரசாங்க உதவித்தொகை நின்னுடும், காலையில குளிக்க வைக்க வர்ற உதவியாளரும் வரமாட்டார். வீட்டுச் சுவரைச் சுரண்டியா சாப்பிடுவார்? ஒரு டிரஸ்ட் வைங்க. நம்பிக்கையான பொறுப்பாளர்கிட்ட கொடுங்க, அவங்க அவருக்குன்னே செலவு பண்ணட்டும். சட்டமே இடம் குடுக்குது, ஒளிவு மறைவு வேண்டாம்." நம்பிக்கையான ஆள் என்றதும் எனக்கு உன் முகம்தான் வந்தது. கூடவே அத்தானின் முகமும் வந்தது, அதை ஓரமாக நகர்த்திவிட்டேன். துரைதான், "உன்னைவிட மூணு வயசு மூத்தவளையா போடுற?" என்று முணுமுணுத்தான். நான் காதில் வாங்காமல் உன்னையே பொறுப்பாளராகப் போட்டு இந்தப் பத்திரத்தை எழுத வைத்தேன்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். 'அவர் பேர்ல சொத்து' என்ற வார்த்தை என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதே வாரம், வருடாந்தர விசாரணைக்கு உதவித்தொகை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகத் தகவலும் வந்தது. உனக்குத் தெரியும், முப்பத்தாறு வருஷம் லிப்ட் பழுது பார்த்தவன் நான், எந்தக் கம்பி எது என்று சீட்டு ஒட்டாமல் ஒரு பெட்டியையும் மூடியதில்லை. முதலில் பொருளின் பெயர், அடுத்து எதைச் சேர்ந்தது, அதுதான் எங்கள் கம்பெனி முறை. அதே முறைப்படி வீடு முழுக்க ஒட்டினேன். 'இது மின்விசிறி. என்னுடையது.' 'இது கட்டில். என்னுடையது.' 'இது கண்ணாடி. என்னுடையது.' குளியலறையில் இரண்டு பிரஷ், இரண்டும் என்னுடையது. துரை சுற்றிப் பார்த்துவிட்டு, "என் பல்லாவது என்னுதா, இல்ல அதுக்கும் சீட்டு இருக்கா?" என்றான். தினம் சாயங்காலம் நான் அதிகாரி மாதிரி உட்கார்ந்து ஒத்திகை வேறு. எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும் என்று பத்து நாள் பழக்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். வீடு, நிலம் உண்டா என்றார். "ஒண்ணும் இல்லைங்க." நகை, சேமிப்பு? "ஒண்ணும் இல்லைங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, உடம்பில் என்ன கஷ்டம் என்று கேட்டார். துரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்க" என்றான். குளிக்க, உடுத்த ஏதாவது உதவி? "ஒண்ணும் இல்லைங்க." நான் கண்ணைக் காட்டினேன், கனைத்தேன், கடைசியில் சக்கர நாற்காலியைக் காலால் தட்டினேன், பிரேக் விட்டு அது நேராகப் போய் அதிகாரியின் கால்விரலில் ஏறியது. "சார், அவனுக்கு எல்லாமே கஷ்டம் சார்" என்று குறுக்கே பாய்ந்தேன். அவர் விரலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார், மின்விசிறிச் சீட்டைப் பார்த்தார், கண்ணாடிச் சீட்டைப் பார்த்தார். "ஐயா, இதெல்லாம் நீங்க எழுதினதா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். "ஆமா சார், இல்லேன்னா எது யாருதுன்னு குழம்பிடும்" என்றேன். "இன்னிக்கு என்ன கிழமைங்க?" என்றார். பதற்றத்தில் புதன் என்றேன். எதையோ விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். துரை அவரை வழியனுப்பப் போனவன் வாசலிலேயே இருபது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். "நீ சொல்லிக் குடுத்ததைத்தானே சொன்னேன்" என்கிறான். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட ஒரு ஆள் வேண்டும். நான் இல்லாத ஒரு காலை வரத்தான் போகிறது. உதவித்தொகை இந்நேரம் போயிருக்கும், பத்திரமாவது மிஞ்சட்டும். தயவுசெய்து கையெழுத்துப் போடு.

அத்தானுக்கு வணக்கம், உன் மகளுக்கு ஆசிகள், முழங்காலுக்குத் தைலம் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பெரிய தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்து இரண்டு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார், அந்தக் களேபரத்தில் நாலு நாள் ஓடிவிட்டது. முதலாவது, துரையின் உதவித்தொகையும் உதவியாளரும் தொடரும் என்கிறது. வாசலில் ஒத்திகை விஷயத்தை அவனே சொல்லிச் சிரித்துவிட்டானாம். இரண்டாவது எனக்கு. 'பொருள்களின் பெயரையும் கிழமையையும் மறக்கும் முதியவர்' என்று குறிப்பிட்டு ஞாபக சக்திப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதுவரை உதவியாளர் எனக்காகவும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பாராம். கூடவே வைத்திருந்த விண்ணப்ப நகலில் 'பராமரிப்பவர்' என்ற இடத்தில் துரையின் கோணல் கையெழுத்து. என்னடா இது என்றேன். "எனக்கு அப்புறம் உன்னை யார் பாப்பாங்கன்னு எனக்கும் கவலை இருக்காதா?" என்றான்.

பத்திரத்தை உறையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன், தேடாதே. பொறுப்பாளராக இருக்க உன் மகளை அவன் எப்போதோ சம்மதிக்க வைத்துவிட்டான், வக்கீலம்மா புதுப் பத்திரமே தயாராக வைத்திருக்கிறார். ஆனால் என் மூளை சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் கையெழுத்தை வாங்குவாராம். அதனால் இப்போது சாயங்காலம் துரை அதிகாரி, எனக்கு ஒத்திகை. நேற்று என் சட்டை முதுகில் ஒரு சீட்டு ஒட்டி, அதோடு கடைத்தெரு வரை அனுப்பிவிட்டான். 'இது அண்ணன். என்னுடையது.' இது சொத்துக் கணக்கில் வருமா என்று வக்கீலம்மாவைக் கேட்க வேண்டும்.