கிண்ணம் சொன்ன நாடி

போன இளவேனில் வரைக்கும் நாரின் நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து மேல்மலைக் கிராமத்துக்கு வாரம் ஒரே வண்டிதான். அதிலும் பாதி இருக்கைகளில் உருளைக்கிழங்கு மூட்டைகள் உட்கார்ந்து போகும். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஆறு வண்டிகள், மனிதர்கள் நின்றுகொண்டு போனார்கள். காரணம், நாடிக்காரர் தாலந்தாலி. கம்பளித் துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கட்டில் விரலை வைப்பாராம். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், எங்கே வலி என்று அவரே சொல்லிவிடுவாராம். எங்கே வலிக்கிறது என்று வலிக்கிறவருக்கே தெரியுமே, அதை இன்னொருவர் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்தக் கேள்வி ஆறு வண்டியில் ஒருவருக்கும் எழவில்லை.

அந்த ஆறு வண்டிகளையும் ஒலிபெருக்கியில் அறிவித்து அனுப்புகிறவள் சைராகுல். அவளுடைய இடது தாடை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ‘டக்’கென்று சத்தம் போடும். அது மைக்கிலும் கேட்கும். அறிவிப்புக்கு முன்னால் அடிக்கிற மணி அது என்று பயணிகள் நினைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருட வலி. தாடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை; தோள், முதுகு, முட்டி, பாதம் என்று உடம்பு முழுக்கக் குடித்தனம் நடத்தியது. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு டாக்டர் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். முழுசாகப் போகாது, குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாத்திரை, தூங்கும்போது பல்லுக்கு ஒரு உறை, வெந்நீர் ஒத்தடம், தினமும் நடை. உண்மையிலேயே கொஞ்சம் குறைந்தது. ஆனால் எக்ஸ்ரே படத்திலும் தெரியாத, ரத்தத்திலும் தெரியாத வலி குறைந்தால் யாருக்குத் தெரியும்? அது இருந்ததையே வீட்டில் யாரும் நம்பவில்லை.

மாமியார் துர்துகான் நம்பாதவர்களின் தலைவி.

“மைக்குல கத்த வாய் வலிக்காதாம். வீட்டுல கறி மெல்ல மட்டும் வலிக்குமாம். நல்லா கேட்டுக்கோ, நாடிக்காரர் சொன்னா நான் நம்புறேன். உனக்கு வலின்னு அவர் வாயால வரட்டும்.”

“சரி அத்தை. வந்தா?”

“வந்தா அவர் சொல்றபடி நடக்கணும். வேலையை விடச் சொன்னா விடணும். மாத்திரையெல்லாம் அடுப்புக்கு.”

அவர் என்ன சொல்வார் என்பது ஊருக்கே தெரியும். வாயில் வலி வந்த ஆணுக்குக் கண்ணேறு என்பார், பெண்ணுக்கு வாய்த்துடுக்கு என்பார். கண்ணேறுக்கு ஒரு ஆடு. வாய்த்துடுக்குக்கு ஒரு ஆடும், நாற்பது நாள் மௌனமும், டாக்டர் மருந்துக்குத் தடையும். மைக்கில் பேசிப் பிழைக்கிறவளுக்கு நாற்பது நாள் மௌனம்! ஒன்பது வருடமாகத் தன்னை யாராவது நம்ப வேண்டும் என்று ஏங்கியவளுக்கு, நம்பிக்கையின் விலையாக வேலையும் மருந்தும் கேட்கப்பட்டது. அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அழுதாலும் தாடை வலிக்கும்.

வெள்ளிக்கிழமை மாமியாரும் மருமகளும் மேல்மலைக்குப் போனபோது, நாடிக்காரரின் கூடாரத்துக்கு வெளியே நீண்ட துணி விரித்து, ரொட்டியும் குருத் என்ற காய்ந்த தயிர்க்கட்டியும் வைத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்களுக்கு இலவசம். என்ன தாராளம்! தாலந்தாலியின் தங்கை குல்பாரா வரிசையில் நடந்து உபசரித்தாள். சைராகுல் தயிர்க்கட்டியைத் தொடவில்லை. அது கல்லுக்குத் தம்பி. ரொட்டியை மட்டும் தேநீரில் ஊறவைத்து, வலப்பக்கமாக மென்றாள். பக்கத்தில் ஷெர்ஷென் என்ற குதிரை மேய்ப்பன், நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தவன், தயிர்க்கட்டிகளைக் கடகடவென்று நொறுக்கித் தள்ளினான்.

கூடாரத்துக்குள் போகும் முறை வந்ததும் குல்பாரா ஒரு கிண்ணம் தேநீரைக் கையில் கொடுப்பாள். குடிக்கக் கூடாது. ஐயா மூன்று முறை ஊதித் தருவார், பிறகுதான் நாடி. சைராகுல் கைக்கு வந்த கிண்ணம் விளிம்பு வரை தளும்பியது.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் விருந்தாளிக்கு அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப வாங்கி ஊற்றுவதுதான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், ‘குடித்துவிட்டு நடையைக் கட்டு’ என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி குல்பாராவுக்குத் தெரியாதா?

பேருந்து நிலையத்துக் கண் சும்மா இருக்குமா? முன்னும் பின்னும் நின்றவர்களைப் பார்த்தாள். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முக்கால் கிண்ணம். வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த கிழவருக்கு அரைக் கிண்ணம். நொண்டி வந்த ஷெர்ஷெனுக்கு அடியில் ஒரு மடக்கு. உள்ளேயிருந்து தீர்ப்புகள் வந்தன: “தலை!” “வயிறு!” கண்ணைக் கட்டிக்கொண்டால் என்ன, கைக்குக் கனம் தெரியாதா?

“அண்ணே, கிண்ணத்தை மாத்திக்கலாமா? எனக்குக் கை வலி, கனம் தாங்கலை.”

“தாராளமா எடுத்துக்க தங்கச்சி. நிறைய ஊத்தினா எனக்கொண்ணும் அவ மேல கோவம் வராது!” என்று சிரித்தான் ஷெர்ஷென்.

சைராகுல் மாமியாரோடு உள்ளே போனாள். கூடாரம் நிறையக் கூட்டம். கண்கட்டோடு தாலந்தாலி கிண்ணத்தை வாங்கினார், ஊதினார், மணிக்கட்டைப் பிடித்தார்.

“கால்! முட்டியில வலி. ராத்திரி தூங்க விடாது.”

துர்துகான் மருமகளைப் பார்த்தாள். “முட்டியா? நீ தாடைன்னு சொன்னே? முட்டி வலிக்குதா இல்லையா, மறைக்காம சொல்லு!”

பொய் சொல்லியிருக்கலாம். சைராகுலுக்கு அது வரவில்லை. “வலிக்குது அத்தை.”

கூட்டம் ஆஹாவென்றது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கே தொட்டாலும் வலிக்கிற உடம்பு கிடைத்தால், எங்கே கை வைத்தாலும் வைத்தவன் சித்தன்தான்.

“பார்த்தியா? மாத்திரையைக் குடு இப்படி” என்று கையை நீட்டினாள் துர்துகான்.

“அடுத்த ஆளையும் பாத்துட்டுக் குடுக்கறேன் அத்தை.”

ஷெர்ஷென் நொண்டிக்கொண்டு வந்து, தளும்பும் கிண்ணத்தை நீட்டினான். தாலந்தாலி ஊதினார். நாடியைப் பிடித்தார். முகம் வாடியது, நல்ல நடிகர்.

“ஐயோ பாவம்! வாயிலதான் வினை. தாடை பூட்டிக்கிச்சு. மெல்ல முடியாம எத்தனை நாளாப் பட்டினி கிடக்கிறியோ!”

ஷெர்ஷென் திகைத்தான். பிறகு பையில் போட்டு வந்திருந்த தயிர்க்கட்டி ஒன்றை வாயில் போட்டான். ‘மடார்.’ கூடாரத்தின் அந்தக் கோடி வரை கேட்டது.

“நான் பல்லால புட்டி திறக்கிறவன் ஐயா! குதிரை தள்ளிவிட்டதுல முட்டிதான் போச்சு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாலந்தாலிக்குக் கோபம் தலைக்கேறியது.

“குல்பாரா! கிண்ணத்தை எவடி மாத்தினது?”

சிரிப்பு சட்டென்று நின்றது. சைராகுல் வாயைத் திறந்தாள். ‘டக்.’

“கண்ணைக் கட்டியிருக்கீங்களே ஐயா. நாடிதானே பாத்தீங்க? கிண்ணம் மாறினா உங்களுக்கு என்ன?”

அவளே சொன்னாள், நிலையத்தில் அறிவிக்கிற குரலில்: தளும்பினால் வாய், முக்கால் என்றால் தலை, பாதி என்றால் வயிறு, அடியில் என்றால் கால், யார் எதை மெல்கிறார், எப்படி நடக்கிறார் என்று வேவு பார்க்க வெளியே ஒரு தங்கை. வயிற்றுவலிக் கிழவர் தன் அரைக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

“ஆனா உனக்கு முட்டி வலிக்குதுன்னியே?” என்றாள் கண்ணைத் துடைத்த கிழவி, விடுவதாக இல்லை.

“வலிக்குது பாட்டி. எனக்கு எல்லா இடமும் வலிக்குது. இவர் மூக்குன்னு சொல்லியிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் அண்ணனையும் பாக்கட்டும்னு காத்திருந்தேன்.”

தாலந்தாலி கண்கட்டை அவிழ்த்தார். கூட்டத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் மறுபடி கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தவர் போலிருந்தார். அதற்குள் ஆடு கொடுத்தவர்கள் ஆட்டைத் தேடிக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் துர்துகான் தேநீர் ஊற்றினாள். மருமகளுக்கு வைத்த கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பக்கத்தில் ஊறவைத்த ரொட்டி.

“எல்லா இடமும்னா... இப்பக்கூடவா வலிக்குது?”

“இப்பக்கூடத்தான் அத்தை.”

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்ட கேள்வி அது. சைராகுல் குடித்து முடிக்க முடிக்க மாமியார் திரும்பத் திரும்ப ஊற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேல்மலைக்கு இரண்டு வண்டிகள் போதுமாக இருந்தன. ஆமாம், இரண்டு. ‘அன்றைக்கு ஐயாவுக்கு உடம்பு சரியில்லையாம், அதனால்தான் தப்பாகிவிட்டதாம்’ என்று பேசிக்கொண்டே ஏறினார்கள். கண்ணேறு கழிக்கிறவருக்கே கண்ணேறு பட்டுவிட்டது போலும். சைராகுல் மைக்கை இழுத்தாள். ‘டக்.’

“மேல்மலை வண்டி நாலாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது. பயணிகள் தங்கள் உடைமைகளை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டாம். தலையும் உடைமைதான். கழுத்துக்கு மேலே தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறவும்.”