நாற்பது கோணல் தட்டுகள்

கைபேசியில் வந்த படத்தை ஏழாவது முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தார் குயவர். சாம்பல் நிறத் தட்டு. ஒரு பக்க விளிம்பு மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குமாஸ்தாவின் தலை தொங்குவதுபோலத் தொங்கியது. கீழே புது உணவகத்து முதலாளியின் செய்தி: "உங்க பட்டறையில டீ குடிச்சப்ப எடுத்த படம். இதே கோணல்ல நாப்பது வேணும். வெள்ளிக்கிழமை திறப்பு."

ஜப்பான் பாணியில் கோணல்தான் அழகு என்று மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி விற்றவர் அவர். கை தவறியதற்கெல்லாம் கலை என்று பெயர் வைத்தாயிற்று. ஆனால் இந்தக் கோணல் எந்தத் தவறில் வந்தது என்பதுதான் ஞாபகமில்லை. தட்டையும் காணோம்.

"இந்த ஆர்டரும் போச்சுன்னா, திங்கக்கிழமைலேருந்து எங்கண்ணன் கடையில பிளாஸ்டிக் வாளி விக்கப் போறீங்க" என்றாள் மனைவி. "அந்தப் படத்தைத்தான் காட்டுங்களேன்."

"தொழில் ரகசியம்டி. என் கை செஞ்சது எனக்குத் தெரியாதா?"

கட்டைவிரலால் அமுக்கினார். யாரோ கடித்துவிட்டு வேண்டாமென்று வைத்ததுபோல இருந்தது. முழங்கையால் அழுத்தினார். கழுதை உதைத்ததுபோல ஆனது.

"ஏங்க, மேல உக்காந்து பாருங்களேன்."

கிண்டல் என்று தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தார். தட்டு தாம்பாளமானது.

"மண்ணு தானாத் தொய்யணும். இது நெருப்போட வேலை!" என்று புதன்கிழமை நாற்பதையும் அடுக்கிச் சூளையின் சூட்டை ஏற்றினார்.

வியாழன் காலை திறந்தால், நாற்பதும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே தூணாக நின்றன. அண்ணன் தம்பிகளுக்குள்கூட அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

அந்த நேரம் பார்த்து வாளிக்கடை மச்சான் வந்து சேர்ந்தார். தூணைச் சுற்றிவந்தார்.

"சாமி சிலையா, மாப்பிள்ளை?"

குயவர் கைபேசியை நீட்டினார். மச்சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, இது நம்ம கடை பிளாஸ்டிக் தட்டு! உங்க தட்டுல பிஸ்கட் உருண்டு விழுதுன்னு தங்கச்சி கேட்டு வாங்கிட்டுப் போய், அடுப்போரம் வச்சு உருக்கித் திருப்பித் தந்துச்சே. நாப்பதும் நான் தரேன் மாப்பிள்ளை, அடுப்பை மட்டும் நீங்க பத்த வைங்க."