பேஸ் கிட்டாருக்குக் கட்டிய கோவணம்

உப்பே போடாத பொங்கலைத் தின்றுவிட்டும் சர்வரிடம் "சூப்பர்ணே" என்று சொல்லும் ரகம் நான். சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்று வீடு வரை யோசித்துக்கொண்டே வருவேன். இப்படிப்பட்டவள் ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியரிடம் போய், தனக்கு என்ன சத்தம் வேண்டும் என்று எப்படிச் சொல்வாள்?

திருவொற்றியூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை நான் வாசிக்கிறேன். (அது எது என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தினால்தான் "என்னவோ குறையுதே" என்பார்கள்.) நான்கு வருடங்களுக்கு முன் குழுவினர் ஒரு கிறிஸ்துமஸ் தாலாட்டைப் பதிவு செய்ய முடிவெடுத்தார்கள். என் மகன் ஜோயலுக்கு அப்போது ஏழு மாதம். அவன் தூங்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்து, மொபைலில் பதிவு செய்து அனுப்பினேன். எல்லோரும் அசந்துபோனார்கள். ஒவ்வொரு சுரமும் 'தும்... தும்...' என்று, பஞ்சு மெத்தையில் பூனை குதித்த மாதிரி இருந்தது. "இந்தத் தும்மின் மேல்தான் பாட்டே நிற்கும்" என்றார்கள். பிள்ளை பெற்ற பிறகு, குழந்தையின் எடையைத் தவிர வேறொன்றைப் பற்றி என்னிடம் யாரும் பேசியது அதுதான் முதல் முறை.

கீபோர்டு வாசிக்கும் எட்வினுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "கைக்குழந்தையோட எதுக்குக்கா கஷ்டம்? பேஸை நான் கீபோர்டுலயே இடது கையால வாசிச்சிர்றேன்."

பதிவு நாளன்று மதியம் ஒரு மணிக்குள் நான் முடிக்காவிட்டால் எட்வினின் இடது கை என்று ஏற்பாடாயிற்று.

ஸ்டுடியோ ராயபுரத்தில், மீன்வலைக் கடையின் மாடியில். முந்தின நாள் பயத்தில் கிட்டாரைக் குளிப்பாட்டாத குறைதான். துடைத்து, அதில் இருந்த வீட்டு அசிங்கங்களை எல்லாம் உருவி எறிந்து, புதுக் கம்பி மாட்டி, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல அலங்கரித்திருந்தேன்.

வாசித்தேன். 'டிங்.' எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த சத்தம்.

"எப்டி கீது சிஸ்டர்?" என்றார் இன்ஜினியர் பாஷா அண்ணன்.

"நல்லா இருக்குண்ணே."

பதிவைத் தொடங்க விரலைக் கொண்டுபோனார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

இதையே பதினான்கு முறை செய்தோம். அவர் திருகாத திருகு இல்லை. எனக்கோ சொல்ல வார்த்தை இல்லை. "ரசம் மாதிரி இருக்குண்ணே. கொஞ்சம் களி மாதிரி வந்தா..." என்று இழுத்தேன். அப்போது தெருவில் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஒன்று போயிற்று. ஜன்னல் அதிர்ந்தது.

"இதோ! இதே மாதிரிண்ணே!"

"அப்ப கண்டெய்னரத்தான் மாடிக்கு ஏத்தணும்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நல்லாகீதுன்ற. மூஞ்சிய மட்டும் கருவாடு கணக்கா வெச்சிகினுகீற. புட்ச்சிருக்கா, இல்லியா? ஒன்னு சொல்லு மா." ('சிஸ்டர்' என்ற மரியாதை எப்போதோ காணாமல் போயிருந்தது.)

வாழ்க்கையில் முதல் முறையாகத் துணிந்து ஒருவரைக் குறை சொன்னேன். "உங்க ஒயர்லதான் ஏதோ கோளாறுண்ணே."

அவர் எல்லா ஒயரையும் கழற்றி, வேறு ஒயர் மாட்டினார்.

'டிங்.'

எட்வின் இடது கை விரல்களுக்குச் சொடக்கு எடுக்க ஆரம்பித்தான்.

பன்னிரண்டரைக்கு என் கணவர், ஜோயலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு மதியம் ஷிப்ட். இரண்டு 'டிங்' கேட்டுவிட்டு, "துணி எங்க?" என்றார்.

"என்ன துணி?"

"இவன் எழுந்துருவான்னு இவனோட துணிய மடிச்சுக் கம்பிக்கு அடியில சொருகுவியே? இவன் பொறந்ததுலேர்ந்து அது இல்லாம நீ வீட்ல வாசிச்சு நான் கேட்டதே இல்ல."

பாஷா அண்ணன் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். "அடில துணி வெச்சா வாசிச்ச? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மா?"

"அது பிள்ளையோட மூத்திரத் துணிண்ணே. அதப் போய் ஸ்டுடியோவுக்கு..."

"சத்தத்துக்கு அதெல்லாம் தெரியுமா?"

கணவர் கொண்டுவந்த பையைக் கவிழ்த்தேன். கிலுகிலுப்பை இரண்டு, பால் பாட்டில் மூன்று. மாற்றுத் துணி ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே துணி ஜோயலின் இடுப்பில் இருந்தது. அவனும் ஆட்டோவிலேயே தன் கடமையை முடித்திருந்தான்.

"ஃபேன்ல ஒரு அரைமணி நேரம் காயவெச்சு..."

"மணி இன்னா ஆவுது? சொருவு!"

சொருகினேன்.

'தும்.'

"மாஷா அல்லா!" என்றார் பாஷா அண்ணன். "காஞ்ச துணியே வேணாம் மா. ஈரத்துலதான் மேட்டரே கீது!"

இரண்டே முறை வாசித்தேன், முடிந்தது. என் பிள்ளை இடுப்பில் ஒன்றும் இல்லாமல் இன்ஜினியரின் மடியில் உட்கார்ந்து திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தான். எட்வின் தன் இடது கையைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒயரைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "துணிய எட்த்துகினு போ, அது போதும்" என்றார்.

இப்போதும் புதிதாக எந்தப் பேஸ்காரர் வந்தாலும், "துணி எட்தாந்தியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாம். அன்றைய ஈரத்தில் என் கிட்டாரின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன.

டிசம்பர் வந்தால் அந்தத் தாலாட்டைச் சர்ச் ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். வயதானவர்கள் கண்ணை மூடி உருகுகிறார்கள். நானும் கணவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் யூ.கே.ஜி. படிக்கும் ஜோயலிடம் வீட்டில் யாரோ (அப்பாதான்) கதையைச் சொல்லிவிட்டார்கள். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினான்: "அம்மா! இது நான் மூச்சா போன பாட்டு!"

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை என்ன சொல்லுது சிஸ்டர்?"

"பாட்டு நல்லா இருக்குதாம் ஐயா" என்றேன்.