பெஞ்சமினுக்கு வந்த கடிதங்கள்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

என் குண்டுராசாவுக்கு,

உங்கள் தனலெட்சுமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. நீங்கள் போன இடத்தில் சுகமாகத்தான் இருப்பீர்கள், அங்கே பேங்க்காரன் வர முடியாது. இங்கே நான் சுகமில்லை. நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதம். அழுது முடிக்கிறதுக்குள் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பேங்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் மூன்றாம் வகுப்புதானே, மலாயைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். மேலே கொட்டை எழுத்தில் பெஞ்சாமின் என்று இருந்தது, கீழே என் பேர். மூன்றாம் மாடி பெஞ்சமின் அண்ணனுக்கு வந்தது, லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறதால் போஸ்ட்மேன் கீழ்வீட்டில் என்னிடம் போட்டுவிட்டான் என்று நினைத்து, அவர் பெட்டியில் சேர்த்தேன். இப்படி நாலு கடிதம். அவரோ ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில். போன வாரம் திரும்பி வந்தவர் நாலையும் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"தனம், என்னை எதுக்கும்மா இதுல இழுக்கிற? பெஞ்சாமின்னா மலாயில ஜாமீன் நின்ன ஆளு லா! அது நீதான்!"

நீங்கள் லோரிக்கு எடுத்த கடனுக்கு நான் ஜாமீனாம். லோரியை ஏலம் விட்டும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் வெள்ளி மிச்சமாம். கட்டாவிட்டால் கோர்ட்டு, அப்புறம் முஃப்லிஸ். அப்படியென்றால் திவால் என்றார். பேங்க்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று கழற்றி வைத்த தாலியை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். இப்போது அரிசி அளக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

மறுநாள் லாயர் தேடி கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூக்கடைக்காரி காட்டிய ஆபீஸில் இருந்தவர் சத்தியத் தாளில் முத்திரைச் சாப் குத்துகிறவராம், லாயர் இல்லையாம். அது தெரியாமல் அரை மணி நேரம் அவரிடம் அழுதேன், பாவம், அவரும் அழுதார். அடுத்த ஆபீஸில் ஒரு பெண் தலையைத் தூக்காமலே, "டிவோர்ஸா ஆன்டி?" என்றாள். "புருஷன் செத்துட்டாரும்மா" என்றேன். "அப்ப டிவோர்ஸ் வேணாம்" என்று பக்கத்துக் கட்டடத்தைக் காட்டினாள்.

அங்கேதான் மாதவி லாயர் இருந்தாள். நம் மகள் வயசு இருக்கும், நமக்கு மகள் இருந்திருந்தால்.

"என்னை ஜெயில்ல போடுவாங்களாம்மா?"

"ஜெயில் இல்ல ஆன்டி. ஆனா முஃப்லிஸ் ஆனா உங்க சொத்து அரசாங்க அதிகாரி கைக்குப் போயிடும். அனுமதி இல்லாம வெளிநாடு போக முடியாது."

"வெளிநாடா? நான் பக்கத்து ஊரு பந்திங்குக்கே ரெண்டு வாட்டிதான் போயிருக்கேன்."

சிரித்தாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். பெண்டாட்டி என்பதற்காக மட்டும் புருஷன் கடன் தலையில் விழாதாம், ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் விழுமாம். சொந்த வீட்டுக்கோ பிள்ளை படிப்புக்கோ சும்மா ஜாமீன் நின்றவளைச் சட்டம் காப்பாற்றுமாம், தொழில் லோரிக்கு நின்றால் காப்பாற்றாதாம். லட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு முஃப்லிஸ் ஆக்க முடியாதாம். நம் கடன் அந்தக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது, உங்களை மாதிரியே எதிலும் கொஞ்சம் அதிகம்.

"நீங்க கையெழுத்து போட்டீங்களா ஆன்டி?"

ஞாபகம் இல்லை. தாள் கட்டோடு நீங்கள் வீட்டுக்கு வந்தது தெரியும், அன்றைக்கு எனக்குக் குடிக்க ஐஸ் செண்டோல் வாங்கி வந்ததும் தெரியும். போட்டிருப்பேன். நீங்கள் நீட்டிய எந்தத் தாளில் நான் போடவில்லை? படுபாவி மனுஷா, இதிலே கையை வைத்தால் வீடு போகும்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இந்த வீட்டை விட்டால் நான் எங்கே போவேன்?

பேங்க்கில் அந்தத் தாளைக் கேட்டு வாங்க மாதவி ஒரு ஃபாரம் நீட்டினாள். எனக்குத் தெரிந்த ஒரே கையெழுத்தைத் தமிழில் போட்டேன். "தனலெட்சுமி"யின் ஆறு எழுத்தும் முடிய அவள் காப்பியே குடித்துவிட்டாள்.

இனி அந்தத் தாள் வரும் வரை தூக்கமில்லை. அங்கே தேத்தண்ணி கொடுத்தால் சீனி போடாமல் கேளுங்கள். இருக்கிற இடத்தில் இருந்தே எனக்காகக் கொஞ்சம் கும்பிடுங்கள்.

உங்கள்
தனலெட்சுமி

பின்குறிப்பு: இதை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் வைக்கப் போகும்போது மாதவி கூப்பிட்டாள். தாள் வந்துவிட்டது. போனில் படம் அனுப்பினாள். என் பேரில் இருக்கிற கையெழுத்து இங்கிலீஷில் இருக்கிறது, கடைசியில் சுருட்டி ஒரு வால். லோரிக் கதவில் உங்கள் பேரை எழுதி நீங்கள் போட்டீர்களே, அதே வால். "இது நான் போடலைன்னு கோர்ட்ல சொன்னா நீங்க தப்பிக்கலாம் ஆன்டி. ஆனா, அப்ப யார் போட்டதுன்னு கேப்பாங்க" என்கிறாள். மேலே நான் போட்டிருப்பேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். ஏங்க, கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனே, ஏன் கேக்கல?